பயணத்தில் இருக்கும்போது உலகச் செய்தியை எவ்வளவு பார்ப்பது?

புதுப்பெட்டி கேட்டது:

வேலை மாறியதிலிருந்து மாதத்தில் பாதி நாள் விமானத்திலும் விடுதியிலும் கழிகிறது. பெட்டி கட்டுவது, நேர வித்தியாசம், விடுதித் தலையணை எல்லாம் ஓரளவு பழகிவிட்டன. பழகாதது செய்தி ஒன்றுதான்.

2025 ஜூன் 23 அன்று தோஹா போகும் விமானத்தில் இருந்தேன். வேலையில் சேர்ந்து அது மூன்றாவது மாதம். இறங்க இன்னும் ஒரு மணி நேரம் என்று இருக்கைத் திரை காட்டியது. கொஞ்ச நேரத்தில் வரைபடத்தில் இருந்த குட்டி விமானம் ஒரு வட்டம் போட்டது. பிறகு இன்னொரு வட்டம். அப்புறம் மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக ஆரம்பித்தது. வான்வெளியை மூடிவிட்டார்கள், மஸ்கட்டில் இறங்குகிறோம் என்று விமானி சொன்னார். ஏன் மூடினார்கள் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னைக் கேட்டார், நான் அவரைக் கேட்டேன். இரண்டு பேருக்கும் தெரியாது.

சக்கரம் தரையில் பட்டதும் கைப்பேசி நடுங்கத் தொடங்கியது. நாற்பத்தொரு செய்திகள். கத்தார் வான்வெளியை மூடியது, அதன் பிறகு அங்கிருக்கும் அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை விட்டது, எல்லாமே வீட்டில் தெரிந்திருந்தது. அம்மா விமானத் தடம் காட்டும் செயலியைத் திறந்து, நான் எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறேன் என்பது வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய இரவு தூக்கம் போய்விட்டது. போகும் ஊர், வழியில் இருக்கும் நாடுகள், பக்கத்து நாடுகள் என்று விடியும்வரை புரட்டிக்கொண்டே இருக்கிறேன். காலையில் கண் எரிய விமான நிலையம் போனால் அங்கே எல்லாம் சாதாரணமாக இருக்கிறது. நிறையப் பயணம் செய்பவர்கள் செய்தியை எப்படிக் கையாள்கிறீர்கள்? அடியோடு விட்டுவிடுவதா?

* * *

சும்மா_ஒருவன்:

விட்டுவிடுங்கள். நான் ஐந்து வருடமாகப் பார்ப்பதில்லை. நமக்குத் தேவையானது எப்படியும் காதில் விழும். விமானம் ரத்தானால் விமான நிறுவனமே சொல்லப் போகிறது. நான் பார்த்ததால் எந்தப் போரும் நின்றதில்லை.

* * *

நடு_இருக்கை:

தம்பி, அடியோடு நிறுத்துவதை நானும் செய்து பார்த்திருக்கிறேன். 2010 ஏப்ரலில். நல்ல மாதமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

அச்சு இயந்திரங்களை நிறுவி ஓட்டிக் காட்டிவிட்டு வருவது என் தொழில். 2001இல் இருந்து அலைகிறேன். அந்த மாதம் ஃபிராங்க்பர்ட் பக்கத்தில் ஓர் ஆலையில் மூன்று வார வேலை. அதற்கு முந்தைய வருடம் முழுக்க நிதி நெருக்கடிச் செய்தியாகப் படித்து வெறுத்துப்போயிருந்ததால், இந்தத் தடவை தொலைக்காட்சியைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தில் எய்யாஃப்யாட்லாயோகுட்ல் என்ற எரிமலை வெடித்தது. (இந்தப் பெயரை எழுதத்தான் முடிகிறது. வாய்க்கு இன்னும் வரவில்லை.) 15ஆம் தேதி பிரிட்டன் தன் வான்வெளியை மூடியது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்மணி அன்று மாலையே கணினியை மூடிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. மறுநாள் பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலையம் போனால் பலகை முழுக்க ரத்து. ஊழியர்கள் மடக்குக் கட்டில்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐஸ்லாந்திலிருந்து சாம்பல் வந்து சேர இரண்டு நாள் ஆகியிருக்கிறது. செய்தி என்னிடம் வந்து சேர அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கிறது.

சாம்பலுக்கு இவ்வளவு பயமா என்று அன்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திட்டினேன். பிறகுதான் படித்தேன். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை, பொடியாக நொறுங்கிய பாறையும் கண்ணாடியும். ஜெட் எஞ்சினின் சூட்டில் அது உருகி, உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். 1982 ஜூன் 24 இரவு ஜாவா தீவுக்கு அருகே கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் ஒரு போயிங் 747 விமானம் போய் மாட்டிக்கொண்டது. நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. கீழே சறுக்கிக்கொண்டே வந்து, சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகு எஞ்சின்களைத் திரும்ப ஓடவைத்து ஜகார்த்தாவில் இறக்கினார்கள். முன்கண்ணாடி மணலால் தேய்த்ததுபோல மங்கிப்போய் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஓர் இரவின் இந்த அனுபவம்தான் 28 வருடம் கழித்து என்னை மடக்குக் கட்டிலில் படுக்கவைத்தது. படித்த பிறகு திட்டவில்லை.

அந்த ஒரு வாரத்தில் ரத்தான விமானங்கள் ஏறக்குறைய 1,00,000. தெற்கே ரோம் திறந்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மியூனிக் போய், அங்கிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வெரோனா வரை ரயிலில் நின்றுகொண்டே போனேன். அதே நாட்களில் ஜெர்மனியின் அன்றைய பிரதமர் மெர்க்கெலும் அமெரிக்காவிலிருந்து வீடு திரும்ப முடியாமல் லிஸ்பனில் இறங்கி, ரோமுக்கு வந்து, அங்கிருந்து சாலை வழியாக வடக்கே போனார். அவர் மேலே, நான் கீழே. எங்கோ ஓரிடத்தில் ஒருவரை ஒருவர் கடந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் ஒரு நாட்டுத் தலைவருக்கு இருந்த அதே பிரச்சினை எனக்கும் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

அதனால் அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்மணிக்கு ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தது, உட்கார்ந்து போனார். எனக்குத் தெரியவில்லை, நின்றுகொண்டு போனேன்.

ஆனால் நீங்கள் விடிய விடியப் புரட்டுவதில் பயணிக்கு உதவுவது கால்வாசிகூட இருக்காது. நமக்கு வேண்டியது தலைப்பில் வராத, சுவாரசியமே இல்லாத சேதி. எந்த வான்வெளி எத்தனை மணிவரை மூடியிருக்கிறது, எந்த நிலையத்தில் வேலைநிறுத்தம், எந்த நாடு டிரான்சிட் விசா விதியை மாற்றியிருக்கிறது, இவ்வளவுதான். விமானிகளுக்குப் போகும் இந்த மாதிரி அறிவிப்புகளைத் தொழிலில் நோட்டாம் என்பார்கள். நாம் நோட்டம் விடுவதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். அதை நாம் நேரடியாகப் படிக்க வேண்டியதில்லை, படித்தாலும் பாதி புரியாது. விமானத் தடம் காட்டும் செயலியைத் திறந்து, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே விமானங்கள் எந்த வழியாகப் போகின்றன என்று ஒரு நிமிடம் பாருங்கள், போதும். 2022இல் இருந்து உக்ரைனுக்கு மேலே காலி. ஈரானில் ஏதாவது என்றால் அங்கேயும் காலியாகிவிடும். மிச்சம் இருப்பது காகசஸ் மலைக்கும் காஸ்பியன் கடலுக்கும் மேலே ஓர் ஒடுக்கமான சந்து. எல்லோரும் அதற்குள் முட்டி மோதிக்கொண்டு போவதைப் பார்த்தாலே உங்கள் இணைப்பு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் போதுமா போதாதா என்று தெரிந்துவிடும்.

காப்பீடு பற்றி ஒரு வரி. ஊரறிந்த பிறகு வாங்கும் காப்பீடு அந்தச் சம்பவத்துக்கு உதவாது. போரைப் பெரும்பாலும் எழுத்திலேயே விலக்கியிருப்பார்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று, தூரம். செய்தியில் நாட்டின் பெயர்தான் வரும். 2019 ஆகஸ்ட் 10 அன்று ஹாங்காங்கில் இறங்கினேன். கிளம்புவதற்கு முன் மூன்று பேர் தடுத்தார்கள். தொலைக்காட்சியில் அந்த வாரம் முழுக்கக் கண்ணீர்ப்புகை. வருகைக் கூடத்தில் கறுப்புச் சட்டை போட்ட இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் தள்ளுவண்டியைப் பார்த்ததும் கால்களை மடக்கி வழி விட்டார்கள். ஒரு பெண் துண்டறிக்கை கொடுத்து, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்றாள். இரண்டு நாள் கழித்து அதே கூடத்தில் கூட்டம் பெருகி விமானங்களே ரத்தாயின. அதற்கு அடுத்த நாள் கைகலப்பும் நடந்தது. ஆக, தொலைக்காட்சி பொய் சொல்லவில்லை. நான் பார்த்ததும் பொய்யில்லை. ஒரே கட்டடம்தான், கிழமை வேறு. அன்றிலிருந்து எந்தச் செய்தியைப் பார்த்தாலும் எங்கே, எத்தனை கிலோமீட்டர், என்றைக்கு என்ற மூன்றைத்தான் முதலில் தேடுவேன். காலையில் ஒரு தடவை, பதினைந்து நிமிடம். படுக்கப் போகும்போது கிடையாது.

இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டு திறமையாகத்தான் இருக்கிறோம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கோளாறு இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் உங்களுக்குப் பாதியைத்தான் சொன்னவனாவேன்.

ரஷ்யா 2022இல் தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியதும் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போக 9 மணி நேரம் என்று இருந்தது 13 மணி நேரமாகிவிட்டது. சைபீரியாவுக்குப் பதிலாக வட துருவத்துக்கு மேலே சுற்றிக்கொண்டு போனார்கள். பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகிறவர்கள் அலாஸ்காவில் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போவார்களாம். அந்தக் காலம் திரும்ப வந்தது மாதிரி. பயணிகளுக்கு, துருவத்தைக் கடந்ததற்கு அடையாளமாக ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். நானும் வாங்கிப் பெட்டிக்குள் மடங்காமல் வைத்தேன். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. கீழே நகரங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன. அது என்னிடம் நான்கு மணி நேரத் தாமதமாகவும் ஒரு சான்றிதழாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த விமானத்தில் பத்தாவது மணி நேரத்தில் நான் சலித்துக்கொண்டதுகூட நினைவுக்கு வந்தது.

அடுத்தது 2023 பிப்ரவரி 6. இஸ்தான்புல்லில் இருந்தேன். விடியற்காலை 4:17க்குத் துருக்கியின் தென்கிழக்கில் நிலநடுக்கம், 7.8. மதியம் இன்னொன்று, 7.5. நான் எழுந்திருக்கும் முன்பே வீட்டிலிருந்து பதினோரு தவறிய அழைப்புகள். வரைபடத்தை எடுத்தேன். கஹ்ரமான்மராஷ், என் விடுதியிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர். அறையில் குவளைத் தண்ணீர்கூட ஆடவில்லை. "நான் ரொம்ப தூரத்தில் இருக்கிறேன், கவலை வேண்டாம்" என்று எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். மூடிய விமான நிலையங்களைப் பார்த்தேன். ஹட்டாய் விமான நிலையத்தின் ஓடுபாதை பிளந்து கிடந்தது. என் வழியில் இல்லை என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

கீழே இறங்கி வந்தால் வரவேற்பு மேஜையில் வழக்கமாக இருக்கும் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், கைப்பேசியைக் காதில் வைத்தபடி நின்றிருந்தான். ஒலித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அவன் ஊர் அந்தாக்யா. ஹட்டாய் மாகாணத்துத் தலைநகர். நான் ஐந்து நிமிடம் முன்பு தாண்டிப் போன அந்த வரி அவனுக்கு வீட்டு வாசல்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை அன்று முதல் தடவையாக வேறொருவருக்குச் செய்தேன். ஹட்டாய் இப்போதைக்குத் திறக்காது, அதானா போய் இறங்கு, அங்கிருந்து சாலையில் சுமார் 200 கிலோமீட்டர், ஆனால் சாலை எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. கிளம்பும்போது என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைக்க வந்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

எங்கே, எத்தனை கிலோமீட்டர், என்றைக்கு என்று இப்போதும் கேட்கிறேன். கேட்டு முடித்ததும் அறையை விட்டு வெளியே வந்து, இங்கே யாருக்கு இது பக்கம் என்றும் பார்க்கிறேன். அதற்குப் பதினைந்து நிமிடம் போதவில்லை.

* * *

மேல்தட்டு:

நடு_இருக்கை சார் சொன்ன தாமதக் கணக்கை எங்கள் தொழிலில் நாள் கணக்கில் போடுவோம். சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி நான்.

2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டதே, அந்த ஆறு நாளும் நாங்கள் கால்வாய் வாசலில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். உலகமே அதை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கும் வந்த வேடிக்கைப் படங்களைப் பார்த்துச் சிரித்தோம், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கப்பலில் இருந்த மூத்த இயந்திரப் பொறியாளர் ஒருவர் அப்போது சொன்ன கதை சிரிப்பை நிறுத்திவிட்டது. 1967 போரில் கால்வாய் மூடியபோது நடுவழியில் போய்க்கொண்டிருந்த 15 கப்பல்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. அதில் 14, கிரேட் பிட்டர் ஏரியில். மூன்று நாள் இருக்கும், ஒரு வாரம் இருக்கும் என்று காத்திருந்திருக்கிறார்கள். கால்வாய் திறந்தது 1975இல். எட்டு வருடம்! பாலைவன மணல் படிந்து படிந்து கப்பல்கள் மஞ்சளாகிப்போனதால் மஞ்சள் கப்பற்படை என்றே பெயர் வந்துவிட்டது. ஆட்கள் மாறி மாறி வந்து காவல் இருந்தார்கள். வெவ்வேறு நாட்டுக்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, தங்களுக்கென்று தபால்தலை தயாரித்து, 1968இல் ஒரு குட்டி ஒலிம்பிக்கே நடத்தியிருக்கிறார்கள். கடைசியில் இரண்டு ஜெர்மன் கப்பல்கள் மட்டும் சொந்த எஞ்சினில் ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தன.

செய்தியில் "விரைவில் சீராகும்" என்று வந்தால் எனக்கு அந்த மஞ்சள்தான் நினைவுக்கு வரும்.

கொரோனா சமயத்தில் 2020 இறுதியில் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் ஏறக்குறைய 4,00,000 மாலுமிகள் கப்பலில் இருந்தார்கள். அதில் ஓர் ஆள் நான். 12 மாதத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து கப்பலில் வைத்திருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. நான் இருந்தது 14 மாதம். எந்தத் துறைமுகமும் இறங்க விடவில்லை. அந்த மாதங்களில் நான் உலகச் செய்தியில் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: எந்த நாடு ஆள் மாற்ற அனுமதிக்கிறது. தேர்தல், பங்குச்சந்தை எல்லாம் வேறு கிரகத்தில் நடந்த மாதிரி இருந்தது.

2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் ஆரம்பித்ததிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு நடைக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதல். செங்கடலில் போயிருந்தால் உயிர்ப் பயம், சுற்றிக்கொண்டு போனால் தென் கடலின் அலை. எனக்கு அலையே தேவலை.

தம்பிக்கு ஒரு யோசனை. உங்களுக்குப் பயம் வருவது செய்தியினாலா, அல்லது எவ்வளவு நாள் என்று தெரியாததாலா என்று பிரித்துப் பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான். பெட்டியில் பத்து நாளுக்கு மருந்தும் கூடுதலாக ஒரு மின்னேற்றியும் வைத்துக்கொண்ட பிறகு பாதி போய்விட்டது.

* * *

இருமொழிக்காரி:

எல்லோரும் புதுப்பெட்டி என்ன பார்க்கலாம் என்றே பேசுகிறீர்கள். அவருடைய அம்மா என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை யாரும் தொடவில்லையே.

நான் மாநாடுகளில் உடனடி மொழிபெயர்ப்பு செய்பவள். பதினேழு வருடமாகப் பெட்டியோடு வாழ்க்கை. என் கணவரும் ஆரம்பத்தில் அந்தச் செயலியில்தான் குடியிருந்தார். விமானம் கடலுக்கு மேலே போகும்போது சில இடங்களில் தரைக் கருவிக்குத் தடம் எட்டாது, புள்ளி நின்றுவிடும். அவருக்கு அதைச் சொல்லித் தராமல் விட்டுவிட்டேன். ஒரு இரவு முழுக்க அந்த நின்றுபோன புள்ளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் மறுபக்கம் நன்றாகத் தூங்கிக்கொண்டு போய் இறங்கினேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கதவு மூடும்போது ஒரு வார்த்தை, இறங்கியதும் ஒரு வார்த்தை. நடுவில் என்ன செய்தி வந்தாலும் அவர் என்னை அழைக்க மாட்டார். இறங்கவேண்டிய நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் தாண்டினால்தான் விசாரிப்பார். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க 85 லட்சம் கணினிகள் ஒரு தவறான மென்பொருள் புதுப்பிப்பால் நீலத் திரையோடு நின்றனவே, அன்றைக்குத்தான் அந்த ஆறு மணி நேரம் சோதனைக்கு வந்தது. எனக்குப் பேனாவால் எழுதிக் கொடுத்த ஏறுசீட்டு கிடைத்தது, இருக்கை எண்ணில் ஓர் அடித்தல் திருத்தல் வேறு. ஐந்தே முக்கால் மணி நேரம் தாமதமாக இறங்கி, விமானம் தரையில் ஓடும்போதே "இறங்கிட்டேன்" என்று அனுப்பினேன். அவர் கையில் கடிகாரத்தோடு இருந்தாராம்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? இருக்கைத் திரை வரைபடத்தில் ஒரே கடலுக்கு ஒரு விமானத்தில் பாரசீக வளைகுடா என்று இருக்கும், இன்னொன்றில் அரேபிய வளைகுடா. இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வெறும் வளைகுடா என்று மட்டும் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். என் தொழிலில் அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் கூண்டுக்குள் வியர்த்திருக்கிறது. செய்தி பார்க்கும்போது ஒரே அலைவரிசையைப் பத்துத் தடவை பார்ப்பதற்குப் பதிலாக, சம்பவம் நடந்த ஊருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் நாடுகளில் என்ன சொல் போடுகிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். எது நடந்தது என்று ஓரளவு தெரியும், யார் எதை மறைக்கிறார்கள் என்றும் தெரியும்.

அம்மாவிடம் பேசுங்கள். அவர் தூங்கினால் நீங்களும் தூங்குவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

* * *

சும்மா_ஒருவன்:

நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் 2010 ஏப்ரலில் நான் பயணத்தில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

* * *

புதுப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நேற்று அம்மாவிடம் பேசினேன். செயலியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் புள்ளி நின்றால் கடல், வேறொன்றும் இல்லை என்று விளக்கிச் சொன்னதும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். ஆறு மணி நேரம் முடியாதாம், மூன்றுக்கு ஒத்துக்கொண்டார்.

மேல்தட்டு அண்ணா, நீங்கள் கேட்டது சரிதான். எவ்வளவு நாள் என்பதுதான் எனக்கும். மஸ்கட்டில் உண்மையில் நான் இருந்தது ஒன்பது மணி நேரம்தான். முதல் இரண்டு மணி நேரம் அது தெரியாமல் இருந்ததுதான் இப்போதும் கனவில் வருகிறது.

நடு_இருக்கை சார், கேட்கலாமா என்று தெரியவில்லை. அந்த அந்தாக்யா பையன் என்ன ஆனான்?

* * *

நடு_இருக்கை:

கேட்கலாம் தம்பி. மே மாதம் மறுபடியும் அதே விடுதியில் தங்கினேன். வரவேற்பு மேஜையில் வேறொருவர். விசாரித்தேன். ஊரிலிருந்து ஒரு தடவை தொலைபேசினானாம். அக்காவும் அக்கா பிள்ளைகளும் இருக்கிறார்கள், இனி அங்கேதான் இருக்கப் போகிறேன், என் இடத்துக்கு ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்றானாம். அம்மா அப்பாவைப் பற்றி அவன் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் தொலைக்காட்சியில் துருக்கித் தேர்தல்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் காலைப் பதினைந்து நிமிடத்தில் கடைசி ஒரு நிமிடம் அந்தாக்யா என்று தட்டச்சு செய்து பார்க்கிறேன். பெரும்பாலும் புதிதாக எதுவும் வருவதில்லை. என் வழியில் இருக்கும் ஊரும் இல்லை அது.